காலியாக விடக் கூடாத கட்டம்

அத்தியாயம் 14

தணிக்கை நாள் விடிந்தபோது அந்த வீட்டில் மூன்று பேருமே தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டின் மகளான பெரியவளின் இரண்டு ஆண்டு உழைப்புக்கு இன்றும் நாளையும் பரீட்சை. நகராட்சியின் குடிநீர், கழிவுநீர்ப் பிரிவில் சுற்றுச்சூழல் மேலாண்மை முறையைக் கொண்டுவருவது அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. சொல்லும்போது வாய் நிறைய இருக்கும். செய்யும்போது அவ்வளவும் காகிதம். எந்த வேலையால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன கெடுதல் வரலாம் என்று ஒரு பட்டியல். அதைத் தடுக்க யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கையேடு. செய்தார்களா என்று பார்க்க நாற்பத்தொரு படிவங்கள். நாற்பத்தொன்றுக்கும் அவளே கோடு போட்டாள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே வரி: ‘எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது.’

அப்பா, அதே பிரிவின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பகல் ஷிப்ட் ஆபரேட்டர். முப்பத்தோரு வருட சர்வீஸ். ஓய்வுக்கு இன்னும் நான்கு மாதம். காலை ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று மணி தவறாமல் ரீடிங் எழுதுவதால் நிலையத்தில் அவருக்கு ‘மணிக்கூண்டு’ என்று பெயர். அவர் எழுதிய பதிவேட்டுப் பக்கம் ஒன்றைப் பெரியவள் பெரிதாக்கி, சட்டம் போட்டு, பயிற்சி அறையில் மாட்டியிருந்தாள். தலைப்பு: ‘படிவம் நிரப்புவது எப்படி?’

ஐந்தரைக்கு அப்பா செருப்பை மாட்டினார். அம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து யாரோ ஒருவரின் சீருடைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

“என் வண்டில வாங்களேன்ப்பா. இன்னைக்கு ஒரு நாள்தானே” என்றாள் பெரியவள்.

“வேணாம். மேடம் வண்டில ஆபரேட்டர் வந்து இறங்கினா நல்லாவா இருக்கும்?”

“வாசலைத் தாண்டினா மேடம், உள்ள வந்தா கழுதை. நல்ல குடும்பம்” என்றாள் அம்மா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

அப்பா சிரித்தார். வாசலின் இரண்டு படிகளையும் பக்கவாட்டில் திரும்பி, சுவரைப் பிடித்து இறங்கினார். பெரியவள் அதைப் பார்த்தாள். தினமும் பார்ப்பதுதான். பார்த்ததும் கவனித்ததும் ஒன்றல்ல என்று அன்று மத்தியானம்தான் அவளுக்குப் புரிந்தது.

*

தணிக்கையாளர் சின்ன உருவம். சட்டைப் பையில் இரண்டு பென்சில்கள். பேனாவே இல்லை. குரல், பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்பதுபோல் அவ்வளவு மெதுவாக இருந்தது.

ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை பாராட்டினார். பட்டியல் நன்றாக இருக்கிறது, கையேடு தெளிவாக இருக்கிறது, இவ்வளவு சுத்தமான படிவங்களைப் பார்த்து வெகுநாளாகிறது என்றார். அவளுடைய மேலதிகாரியான செயற்பொறியாளர் இரண்டு தடவை தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பதினொன்றேகாலுக்குத் தணிக்கையாளர் இரண்டு கோப்புகளைக் கேட்டார். ஒன்று, கருவிகளை அளவு சரிபார்க்க அனுப்பிய கோப்பு. இன்னொன்று, மதகடிப் பதிவேடு. சுத்திகரித்த தண்ணீர் நிலையத்தை விட்டு ஓடைக்குப் போகும் இடம்தான் மதகு. அங்கே ஒரு பெட்டியில் மீட்டர் இருக்கும். தண்ணீரின் அமில, காரத்தன்மை வரம்புக்குள் இருக்கிறதா என்று நாள்தோறும் நான்கு தடவை அளந்து எழுத வேண்டும். இரண்டு கோப்புகளையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார்.

“மதகுக்கு எத்தனை மீட்டர் மேடம்?”

“ஒண்ணுதான் சார்.”

“மாத்து மீட்டர்?”

“இல்ல சார். கேட்டிருக்கோம்.”

“அந்த ஒண்ணு, ரெண்டு மாசத்துக்கு முன்னால, நாலாம் தேதியிலேருந்து பதினாலாம் தேதி வரைக்கும் இங்க இல்ல. சரிபார்க்கப் போயிருக்கு. சான்றிதழ்ல உங்க கையெழுத்து இருக்கு.”

“ஆமா.”

“அந்தப் பதினோரு நாளும் பதிவேட்டுல ரீடிங் இருக்கு. ஏழு புள்ளி ரெண்டு, ஏழு புள்ளி ஒண்ணு, ஏழு புள்ளி ரெண்டு. மாசக் கடைசில சரிபார்த்ததா இதுலயும் உங்க கையெழுத்து இருக்கு. எதை வச்சு அளந்தாங்க?”

பெரியவள் பதிவேட்டின்மேல் குனிந்தாள்.

“பத்தாம் தேதி, ஞாயித்துக்கிழமை மட்டும் நாலு கட்டமும் காலி” என்று அவர் பக்கத்தைத் திருப்பினார். “பின்னாடி ஒரு மெமோ வச்சிருக்கீங்க. காலியா விட்டதுக்கு விளக்கம் கேட்டு.”

பெரியவள் அந்த மெமோவைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மாற்று ஆபரேட்டரான ஒல்லிக்கு அவள் கொடுத்தது. ‘கவனக்குறைவுக்கு வருந்துகிறேன்’ என்று ஒல்லி ஒரே வரியில் பதில் எழுதியிருந்தான். அந்தப் பதினோரு நாட்களில் பொய் எழுதாதவன் ஒருவன்தான். அவனைத்தான் அவள் தண்டித்திருந்தாள்.

“மத்த பத்து நாளும் ஒரே சுருக்கொப்பம். யாரோடது?”

அந்தச் சுருக்கொப்பத்தை அவளுக்கு ஆறு வயதிலிருந்தே தெரியும். அவளுடைய மதிப்பெண் அட்டைகள் அத்தனையிலும் ‘பெற்றோர் கையொப்பம்’ என்ற இடத்தில் அதே சுழி, அதே வால். கணக்கில் முப்பத்தொன்பது வாங்கிய தடவைகூட வால் சுருங்கியதில்லை.

“விசாரிச்சுச் சொல்றேன் சார்” என்றாள்.

சொன்ன மறுகணமே காது மடல் சுட்டது.

தணிக்கையாளர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் பார்வை அவளுக்குப் பின்னாலிருந்த அலமாரியில் நின்றது. கையேட்டுக் கோப்புகள் சாயாமல் இருக்க முட்டுக்கொடுத்து ஒரு கண்ணாடிப் பாட்டில். உள்ளே பழுப்பாக ஏதோ. மேலே ஒட்டியிருந்த சீட்டில்: ‘12ஆம் தேதி, காலை 10 மணி, மதகுக்குக் கீழே.’

“அது?”

“ஒரு புகார் சார். ஓடைக்கரைல நாற்றுப் பண்ணை வச்சிருக்கறவங்க கொண்டு வந்தாங்க. நுரையா வந்துச்சு, நாத்து கருகிடுச்சுன்னு.”

“சோதிச்சீங்களா?”

“வெளியாட்கள் எடுத்த மாதிரியை ஏத்துக்கறதில்லன்னு கையேட்டுல இருக்கு.”

“கையேடு யார் எழுதினது?”

“நான்தான்.”

“அவங்களுக்கு என்ன பதில் அனுப்பினீங்க?”

“பதிவேட்டின்படி தண்ணீர் வரம்புக்குள்ள இருந்துச்சுன்னு.”

அவர் பென்சிலால் நான்கைந்து சொற்கள் எழுதினார். அழித்து எழுதக்கூடிய பென்சில்தான். அழிக்கவில்லை.

“எனக்கு ஆள் முக்கியமில்ல மேடம். எப்படி நடந்துச்சுன்னு தெரியணும். ஆனா ஆள் தெரியாம அது தெரியாது. நாளைக்குப் பத்து மணி நிறைவுக் கூட்டத்துல சொல்லுங்க.”

*

நடையில் செயற்பொறியாளர் அவளை ஓரமாக நிறுத்தினார்.

“யாருன்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். மனுஷன் நாலு மாசத்துல போகப்போறார். பொய்ப் பதிவுன்னு நடவடிக்கை எடுத்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.”

“சார்…”

“ஒல்லி மேல ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கு. பதிவுல கவனக்குறைவுன்னு அவனே எழுதிக் குடுத்திருக்கான். சின்ன வயசு, எச்சரிக்கையோட போயிடும். யோசி.”

அவள் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது. ஆனால் நாக்கு புரளவில்லை. அவர் அவளுடைய மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, தோளில் தட்டாத குறையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

பெரியவள் அறைக்குத் திரும்பி அந்தப் பாட்டிலை எடுத்துப் பையில் போட்டாள். கோப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. நிமிர்த்தவில்லை.

*

நிலையத்தின் வாசலிலிருந்து மதகுக்குப் போகக் கரையோரமாக இரும்புப் படிக்கட்டு. கையேட்டில் அவள் அதை ஒரு அம்புக்குறியாக வரைந்திருந்தாள். அம்புக்குறி ஒன்றரை அங்குலம்.

படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினாள். நூற்றுப் பன்னிரண்டு.

நான்கு ரீடிங் என்றால் நான்கு தடவை இறங்கி நான்கு தடவை ஏற வேண்டும். அதை அவள் ஒரு நாளும் பெருக்கிப் பார்த்ததில்லை.

கீழே மதகின் திருகுக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்த ஒல்லி திரும்பிப் பார்த்தான்.

“மேடமா? கீழ வரைக்கும் வந்துட்டீங்களே. ஏதோ பிரளயம்தான்னு நினைச்சேன்.”

“அந்த ஞாயித்துக்கிழமை ஏன் காலியா விட்டீங்க?”

ஒல்லி சுவரில் பொருத்தியிருந்த பெட்டியைத் திறந்து காட்டினான். இப்போது மீட்டர் உள்ளே இருந்தது.

“அன்னைக்கு இது காலி மேடம். அதனால அதுவும் காலி.”

“மெமோவுக்கு இதையே பதிலா எழுதியிருக்கலாமே?”

“எழுதினா அடுத்து என்ன கேப்பீங்க? மத்த நாள் எப்படி எழுதினாங்கன்னு கேப்பீங்க.” கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். “மணிக்கூண்டு அண்ணனுக்கு முட்டி போய் எத்தனையோ மாசமாச்சு. நிலையத்துல எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதுன்னுதான் எங்களுக்குத் தெரியாது.”

பெரியவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இதுவரை அவள் நினைத்திருந்தது, மீட்டர் இல்லாததால் அப்பா தோராயமாக எழுதிவிட்டார் என்று.

“அப்போ மீட்டர் இல்லேன்னே அவருக்கு…”

“கீழ வந்தாத்தானே மேடம் தெரியும்.”

“அந்தப் பன்னெண்டாம் தேதி தண்ணி எப்படிப் போச்சு?”

“தொட்டிக்குக் காத்தடிக்கிற மோட்டார் கொஞ்ச நேரம் நின்னுச்சுன்னு பேச்சு. நுரை வந்திருக்கலாம், வராமயும் இருந்திருக்கலாம். யார் பார்த்தா?”

ஏறும்போது இரண்டு இடத்தில் நின்றாள். அவளுக்கு வயது முப்பத்து மூன்று.

*

ஷிப்ட் அறையில் அப்பா சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். அவளைக் கண்டதும் வழக்கம்போல எழ முயன்றார். எழுவதற்கு மேசையில் இரண்டு கைகளையும் ஊன்ற வேண்டியிருந்தது.

“வாங்க மேடம். தணிக்கை நல்லா போகுதா?”

“எப்போலேருந்துப்பா?”

அந்த வளாகத்துக்குள் அவள் ‘அப்பா’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ‘என்ன’ என்று கேட்கவில்லை. மெதுவாக மறுபடி உட்கார்ந்தார்.

“மழைக்காலத்துலேருந்து” என்றார். “முதல்ல பன்னெண்டு மணி ரீடிங் மட்டும். பத்து மணிக்கு என்ன இருந்துச்சோ அதையே எழுதினேன். நிஜமாவே அப்படித்தான் இருக்கும், பெரிசா மாறாது. அப்புறம் பத்து மணியும். அப்புறம் காலைல ஒரு தடவை மட்டும் இறங்கினேன். அப்புறம்…”

“அப்புறம் அதுவும் இல்ல.”

“நீ மாட்டியிருக்கியே ஒரு பக்கம், அது நிஜம்மா. அது வரைக்கும் எல்லாமே நிஜம்.”

அவர் அதைச் சொன்ன விதத்தில் கெஞ்சல் இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஏன் சொல்லலை?”

“யார்கிட்ட சொல்றது? மகள்கிட்டயா, மேடம்கிட்டயா? மகள்கிட்ட சொன்னா, நீ மேடம்கிட்ட மறைக்கணும். மேடம்கிட்ட சொன்னா, உடல் தகுதி இல்லேன்னு வீட்டுக்கு அனுப்பணும்.” சற்று நிறுத்தி, “அதைச் சட்டம் போட்டு வேற மாட்டிட்டே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?” என்றார்.

“அப்பா, அந்த நாலாம் தேதியிலேருந்து பதினாலு வரைக்கும் கீழ மீட்டரே இல்ல.”

“இல்லியா?”

“சரிபார்க்க அனுப்பிட்டாங்க.”

“பதினோரு நாளுமா?”

பதிவேடு அவர் முன்னால் திறந்தே இருந்தது. இன்றைய பக்கம். ஆறு மணி, எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி, நான்கும் அழகாக நிரப்பப்பட்டிருந்தன. அவர் உள்ளங்கையை விரித்து அந்த எண்களின்மேல் வைத்தார். குளிக்கும்போது கதவு திறந்துவிட்டால் மனிதர்கள் கையால் மறைப்பார்களே, அப்படி.

“ஒல்லி மேல போட்டுடலாம்னு சார் சொல்றார்” என்றாள் பெரியவள்.

“நீ என்ன சொன்னே?”

“ஒண்ணும் சொல்லலை.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். யார் முதலில் பார்வையைத் தாழ்த்தினார்கள் என்று இருவருக்குமே தெரியவில்லை.

*

மூன்று மணிக்கு இருவரும் ஒரே வண்டியில் வந்து இறங்கியதைப் பார்த்ததுமே அம்மா மெஷினை நிறுத்திவிட்டாள்.

“தெரிஞ்சு போச்சா?”

“உனக்குத் தெரியுமாம்மா?”

“ராத்திரி தைலம் தேய்ச்சு விடறவ நான். எனக்குத் தெரியாம?”

“நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்ல வேணாம்னு சொன்னதே நான்தான். கொஞ்ச மாசம்தானே, ஓட்டிடலாம்னேன்.” அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். “நீதான் கட்டம் போட்டே. காலியா விடக் கூடாதுன்னே. அவர் விடலை. அவ்வளவுதானே நடந்துச்சு?”

“இது அவ்வளவு இல்லம்மா. ஒருத்தங்களோட நாத்து கருகிப் போயிருக்கு. நான் அவங்களுக்குப் பதில் எழுதியிருக்கேன்.”

மூவருக்கும் ஒரே நேரத்தில் ஒரு சாயங்காலம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

நாற்றுப் பண்ணைக்காரம்மா அலுவலகத்துக்கு வந்து போன அன்று பெரியவள் வீட்டுக்கு வந்து அந்தம்மாள் பேசியதை நடித்துக் காட்டினாள். பாட்டிலைக் குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்ததை, ‘எங்க தண்ணி அழுவுதும்மா’ என்று சொன்னதை. ‘பதிவு இருக்கும்மா, உங்ககிட்ட என்ன இருக்கு?’ என்று தான் கேட்டதையும் சொன்னாள். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“அன்னைக்கு நானும் சிரிச்சேன்” என்றார் அப்பா.

எழுதியதை விட அதுதான் அவரை அதிகம் குடைகிறது என்று குரலில் தெரிந்தது. பொய் எண்களை எழுதிய கையை மடியில் வைத்துக்கொண்டு, அவற்றை நம்பி ஏமாந்தவளைப் பார்த்துச் சிரித்திருந்தார்.

“எங்க இருக்கு அந்தம்மா பண்ணை?” என்று கேட்டார்.

“எதுக்குப்பா?”

“நாளைக்குப் பத்து மணிக்குக் கோட்டு போட்டவங்ககிட்ட சொல்றது அப்புறம். முதல்ல அங்க போகலாம்.”

“இவ்வளவு நேரம் கால் வலி, இப்போ ஊர்வலமா” என்றாள் அம்மா. ஆனால் எழுந்துபோய், துவைத்து இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து வந்தாள்.

*

ஓடைக்கரையில் கம்பிவேலிக்குள் வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகளில் கன்றுகள். கடைசி இரண்டு பாத்திகள் மட்டும் வெறும் மண்ணாகக் கிடந்தன.

நாற்றுப் பண்ணைக்காரம்மா தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு, பெரியவளின் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

“என் பாட்டில் திரும்பி வந்துடுச்சு போலிருக்கு. சோதனை பண்ணீங்களா மேடம்?”

“இல்லம்மா. எடுத்த ஒரு நாளுக்குள்ள சோதிச்சிருக்கணும். இப்போ இதுல ஒண்ணும் தெரியாது.”

“அப்போ எதுக்குக் கொண்டு வந்தீங்க? பூ வைக்கவா?”

பெரியவள் வழியெல்லாம் வாக்கியங்களைக் கோர்த்து வைத்திருந்தாள். அவை எதையும் எடுக்காமல் நேராக ஆரம்பித்தாள்.

“நாங்க அனுப்பின பதில் தப்பும்மா. அந்த நாள்ல யாரும் தண்ணியை அளக்கவே இல்ல. அளந்த மாதிரி எழுதியிருந்துச்சு.”

“தண்ணி கெட்டுப் போயிருந்துச்சா?”

“தெரியாது.”

“நல்லா இருந்துச்சா?”

“அதுவும் தெரியாதும்மா.”

அந்தம்மாள் தோளிலிருந்த துண்டால் கழுத்தைத் துடைத்தாள். கோபப்படுவாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். கோபம் வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

“உங்க கடுதாசில ‘உரம் அதிகமாகியிருக்கலாம்’னு ஒரு வரி போட்டிருந்தீங்க. என் வீட்டுக்காரர் படிச்சுட்டு என்னைப் பார்த்தார். அள்ளிக் கொட்டிட்டியான்னு கேட்டார். இல்லவே இல்லன்னு சொன்னேன். சர்க்கார் கடுதாசி, முத்திரை குத்தியிருக்கு, அவங்க பொய்யா சொல்வாங்கன்னார். அப்புறம் நானே யோசிச்சேன். கை தவறியிருக்கும் போலன்னு. ரெண்டு மாசமா உரம் போடும்போதெல்லாம் கை நடுங்குது. இருபது வருஷமா செய்யறேன், ஒரு ஸ்பூன் அளக்க மூணு தடவை பார்க்கறேன்.”

அந்த வரியை ஏன் எழுதினோம் என்று பெரியவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவளுடைய புகார்ப் பதில் படிவத்தில் ‘பிற சாத்தியமான காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விடக் கூடாது என்பதால் அதை நிரப்பினாள்.

வேலி ஓரம் நின்றிருந்த அப்பா கன்றுகள் அடுக்கிய ஒரு பலகையில் கையை ஊன்றி முன்னால் வந்தார்.

“அளந்த மாதிரி எழுதினது நான்தாம்மா” என்றார்.

அந்தம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டை, நடுங்கும் முழங்கால்.

“ஏன் எழுதினீங்க?”

“கீழ இறங்க முடியலை. முடியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

“வாயால சொல்றதெல்லாம் எனக்கு வேணாம் ஐயா. உங்க ஆபீஸ் எழுத்துல சொல்லுச்சு. எழுத்துலயே திருப்பிச் சொல்லுங்க. நான் வீட்டுக்காரர்கிட்ட காட்டணும்.”

கன்று வாங்க வருபவர்களுக்குச் சீட்டு எழுதும் ஒரு சிறிய புத்தகத்தைக் கொண்டுவந்து பலகைமேல் வைத்தாள். அப்பா பையிலிருந்து பேனாவை எடுத்தார். முப்பத்தோரு வருடமாக எழுதிய அதே கையெழுத்தில், ஒரு எழுத்தும் சாயாமல் எழுதினார்.

‘4ஆம் தேதி முதல் 14ஆம் தேதி வரை மதகில் நான் அளவு எடுக்கவில்லை. பதிவேட்டில் இருப்பவை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதியவை. அந்த நாட்களில் தண்ணீர் எப்படி இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது.’

ஒரு நிமிடம் யோசித்து, கீழே ஒரு வரி சேர்த்தார். ‘10ஆம் தேதி நீங்கலாக. அன்று எனக்கு வார விடுமுறை. அன்றைய கட்டங்கள் காலியாக உள்ளன. அவை சரி.’

சுருக்கொப்பமிட்டார். அதே சுழி. அதே வால்.

பெரியவள் பேனாவை வாங்கி அதன் கீழே எழுதினாள். ‘இந்தப் பதிவை நம்பி நான் அனுப்பிய பதில் தவறானது. உரத்தைப் பற்றி எழுதியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. திரும்பப் பெறுகிறேன்.’ கையெழுத்திட்டாள். பதவியையும் எழுதினாள்.

அந்தம்மாள் உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தாள். பிறகு விரலால் தொட்டுக் காட்டினாள்.

“இது உங்க கையெழுத்து, சரி. மேல இருக்கற இந்தச் சுழி யாரோடது?”

காலையிலும் இதே கேள்விதான்.

“எங்க அப்பாவோடது” என்றாள் பெரியவள்.

அந்தம்மாள் தாளைக் கிழித்து நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, குழாயை எடுக்கக் குனிந்தாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போய்வாருங்கள் என்றும் சொல்லவில்லை. கன்றுகளுக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தாள்.

அப்போது பெரியவளின் போன் அடித்தது. செயற்பொறியாளர்.

“நல்ல சேதிம்மா. இனி நீ எதுவும் யோசிக்க வேணாம். ஒல்லி எழுதிக் குடுத்துட்டான். அந்தப் பத்து நாளும் அவன்தான் நிரப்பினானாம், மணிக்கூண்டு கையெழுத்து மாதிரியே போட்டானாம். கேட்டதும் ஒரு வார்த்தை பேசாம எழுதிட்டான். நாளைக்கு அந்தக் காகிதத்தை நீயே படிச்சிடு.”

“சார், நான்…”

“பத்து மணிக்குப் பார்க்கலாம்.” போன் நின்றது.

ஒரு காகிதம் நாற்றுப் பண்ணைக்காரம்மாவின் ஜாக்கெட்டுக்குள். இன்னொன்று செயற்பொறியாளரின் மேசையில். இரண்டும் ஒரே பத்து நாட்களைப் பற்றியவை. ஒன்றை அவளும் அப்பாவும் எழுதியிருந்தார்கள். இன்னொன்றை, காலையில் அவள் பேசாமல் நின்ற அந்த அரை நிமிடம் எழுதியிருந்தது.

“யாரும்மா?” என்றார் அப்பா.

சொன்னாள். ஒரு சொல்லையும் விடாமல் சொன்னாள்.

அப்பா வேலிக் கம்பியைப் பிடித்து நிமிர்ந்தார்.

“நாளைக்குக் கூட்டம் எங்க?”

“ஆபீஸ்ல. ரெண்டாவது மாடி.”

“நானும் வர்றேன். லிஃப்ட் இருக்கா?”

“இல்லப்பா.”

“எத்தனை படி?”

இரண்டு ஆண்டுகளாகத் தினமும் ஏறி இறங்கும் படிகள். பெரியவள் வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரியவில்லை.